வழி குறுகிய நிலங்களும் சிறு டிராக்டரும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

டிராக்டர் வாங்க உத்தேசிக்கும் குடியானவர் எவரும் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதே. விற்பனை செய்வோரும் அதையே முன்வைத்துப் பேசுகின்றனர். பக்கத்து மிராசுதார் 45 குதிரைச் சக்தி டிராக்டர் வைத்திருப்பாராகில், தமக்கு 50 வேண்டுமென்னும் எண்ணமும் இதனோடு சேர்ந்துகொள்ளுகிறது. ஆனால் அந்த யந்திரம் ஊர்த் தெருவிலிருந்து தமது கடைசி வயலுக்கு எவ்வழியாகச் செல்லும், எந்த மதகின்மேல் ஏறும், எந்த மூலையில் திரும்பும் என்பனவற்றைப் பணம் கட்டிய பின்னரே அநேகர் யோசிக்கின்றனர். என் அபிப்பிராயத்தில் இவ்வரிசை தலைகீழானது. வழியின் அகலத்தை முதலில் அளந்து, அதற்குள் அடங்கும் யந்திரங்களில் சக்தியும் திறனும் மிக்கதைத் தேர்வதே முறை.

நமது நிலங்களின் நிலைமையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி விஸ்தீரணம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. பாகப் பிரிவினையில் ஆற்றங்கரையில் இரண்டு மா, கோவிலுக்குப் பின்புறம் ஒரு மா, ஏரியின் கீழ் முப்பது செண்ட் என்று சிதறிக் கிடப்பதே வழக்கம். ஐந்து, பத்து ஏக்கர் உடையவர்களின் நிலங்களும் இவ்வாறே சிதறியுள்ளன. பிறருடைய வயல்களைத் தாண்டாமல் தம் வயலுக்குச் செல்லக்கூடியவர் பாக்கியசாலி.

முன்னாளில் ஒரு ஜோடி காளையும், தோளில் சுமந்து செல்லக்கூடிய மரக் கலப்பையும் இருந்தபோது வழி ஒரு பிரச்னையாகவே இருக்கவில்லை. வரப்பே வழி. கதிரையும் எருவையும் ஏற்றிச் செல்லும் பார வண்டிக்கு மாத்திரம் ஒரு பாதை தேவைப்பட்டது. அதையும் அறுவடைக்குப் பின் வெறும் வயலின் வழியே ஓட்டிக்கொண்டார்கள். வண்டிகள் குறைந்த பிறகு பாதையின் இரு மருங்கிலும் உள்ளவர்கள் ஒவ்வோர் உழவிலும் ஒரு சாண் சேர்த்து உழுதுகொண்டனர். இருபது வருஷ உழவில் பன்னிரண்டடிப் பாதை ஐந்தடியாகிவிட்டது. இப்போது அப்பாதையில் ஐந்தரை அல்லது ஆறடி அகலமும், ஏறக்குறைய இரண்டு டன் எடையும் உள்ள 45 குதிரைச் சக்தி டிராக்டரைக் கொண்டு போக வேண்டுமென்கிறோம்.

இவ்வாறு வாங்கப்பட்ட டிராக்டர்கள் பல, ரஸ்தாவோரத்து இரண்டு வயல்களை மட்டும் உழுதுவிட்டு, மீதிக் காலம் கொட்டகையில் நிற்பதை எனது வட்டத்திலேயே காண்கிறேன். உள்ளே இருக்கும் வயல்களுக்கு அவற்றின் சொந்தக்காரரே பவர் டில்லரை வாடகைக்கு அமர்த்துகிறார். தவணையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து சேருகிறது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் அது என்பதை நினைத்தால், வழியை அளக்காமல் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

அளப்பது மிகச் சுலபம். நேரான மூங்கில் கழியொன்றை எடுத்து அடியும் அங்குலமும் குறித்துக்கொண்டு, டிராக்டர் நிற்கப்போகும் கொட்டகையிலிருந்து கடைசி வயல் வரையில் நடந்து செல்லவேண்டும். கொட்டகையின் வாயில், சந்தின் இரு சுவர்களுக்கிடையில் உள்ள தூரம், வேலிப் படல், வாய்க்கால் மதகின் மேற்பரப்பு, இரு பனைமரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, பாதையின் விளிம்பில் கரை சரிந்துள்ள இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் கழியைக் குறுக்கே வைத்துப் பார்த்து, மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவில் பக்கத்துக்கு அரை அடி வீதம் ஓரடியைக் கழித்துவிட வேண்டியது. கழித்தது போக எஞ்சியதே உங்கள் யந்திரத்தின் அகலம். ஐந்தடிச் சந்து உடையவருக்கு நாலடி யந்திரமே உரியது. ஒருபுறம் சுவருக்குப் பதிலாக வாய்க்கால் இருக்குமானால் அப்பக்கத்தில் அரை அடி போதாது. ஈரக்கரை, சக்கரத்தின் கீழ்ச் சரியும்.

நேர் வழியைக் காட்டிலும் திருப்பம் கொடியது. பின்னால் கருவி தூக்கியிருக்கும் டிராக்டர் ஒரு மூலையில் திரும்பும்போது அதன் முன் சக்கரம் ஒரு வட்டத்திலும் பின் சக்கரம் அதனினும் உட்புறமாக வேறொரு வட்டத்திலும் செல்லும். கருவியின் வால்புறமோ வெளிப்பக்கமாக வீசும். டிரெய்லர் பூட்டியிருந்தால் அதன் சக்கரம் இன்னும் உள்ளே ஒதுங்கி மூலைச் சுவரை உரசும். ஆகவே நேரில் அடங்கும் யந்திரம் மூலையில் அடங்காமற் போகலாம். பாதையில் செங்குத்தாகத் திரும்பும் மூலை இருக்குமிடத்தில், டிராக்டரும் கருவியும் சேர்ந்த நீளத்தையும் விசாரிப்பது அவசியம். மேலே தாழ்ந்து தொங்கும் மின்கம்பியையும், கம்பம் பக்கத்துத் திராட்சைப் பந்தலையும், தென்னை மட்டையையும் பார்க்க மறக்கக் கூடாது.

இன்னொன்று, மதகு. ஊர் வாய்க்கால்களின் மேல் இரண்டு கருங்கற் பலகைகளைப் போட்டு வைத்திருக்கும் பாலங்கள் வண்டிக்காகப் போடப்பட்டவை. அவற்றின் அடிச்சுவர் சிதைந்திருக்கிறதா என்பதை வாய்க்காலில் தண்ணீர் இல்லாத சமயத்தில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். முக்கால் டன் யந்திரத்தைத் தாங்கும் கல் இரண்டு டன்னைத் தாங்குமென்று எண்ணிவிடலாகாது.

அகலமென்பது டிராக்டரின் அகலம் மட்டுமன்று. அதன் பின்னால் பூட்டும் ரோட்டவேட்டர் டிராக்டரைவிட அகலமாயிருந்தால் கணக்கு அதைக்கொண்டே போட வேண்டும். சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீல் இருபுறமும் அகலத்தைக் கூட்டிவிடும். அதைக் கழற்றி வயலிலே மாட்டிக்கொள்ளலாமென்றால், அதைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். அதே சமயத்தில் ரோட்டவேட்டர் மிகக் குறுகியதாயிருப்பதும் தவறு. பின் சக்கரங்கள் இரண்டின் வெளி விளிம்புகளையும் மூடும் அளவுக்கேனும் அது இருக்க வேண்டும். இல்லையேல் உழுத மண்ணில் சக்கரத் தடம் உழப்படாமல் இரண்டு கோடுகளாக நிற்கும். சக்கரங்களின் இடைவெளியை உள்ளுக்கும் வெளிக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலான சிறு டிராக்டர்களில் உண்டு. ஆறடிக்கு ஆறடி நட்ட வாழையின் நடுவிலும், ஐந்தடிப் பார் கரும்பின் நடுவிலும் களை கிளறப் போகிறவர்கள், எந்த நிலையில் எத்தனை அங்குலம் என்பதைக் கழியால் அளந்தே அறியவேண்டும்; அச்சிட்ட விளம்பரத்தாளை மட்டும் நம்பலாகாது.

சிறிய யந்திரத்தால் என்ன செய்ய முடியும் என்று பெருங் குடியானவர்கள் சிரிப்பதுண்டு. இவர்களுக்கு ஒரு பழைய விருத்தாந்தத்தைச் சொல்லலாம். அயர்லாந்து தேசத்தவரான ஹாரி பெர்குஸன் என்பவர் 1920-களில் கலப்பையை டிராக்டரின் பின்னால் சங்கிலியால் இழுக்காமல், மூன்று முனைகளில் இணைத்து ஹைட்ராலிக் விசையால் தூக்கவும் தாழ்த்தவும் ஏற்பாடு செய்தார். கலப்பை மண்ணில் இழுபடும் விசையே டிராக்டரின் பின் சக்கரங்களை நிலத்தில் அழுத்துமாறு அதை அமைத்ததுதான் அதன் சூட்சுமம். அதுவரையில் இழுப்பதற்கு எடை வேண்டுமென்று இரும்பைக் குவித்துச் செய்து வந்த டிராக்டர்களின் வேலையை, ஒரு டன்னுக்குச் சற்றே மேற்பட்ட அவருடைய இலேசான டிராக்டர் செய்தது. 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் அவருடைய டி.இ.20 என்னும் டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் சக்தி முப்பது குதிரைக்கும் உட்பட்டதே. நம் தேசத்தில் துர்க்காபூர் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்து, 1974-ல் பஞ்சாபில் செய்து வெளிவந்த ஸ்வராஜ் 724-ம் அந்த வகுப்பைச் சேர்ந்ததே. இன்று எந்தச் சிறு டிராக்டரை எடுத்தாலும் அந்த மும்முனை இணைப்பு இருக்கிறது.

இப்போது கடைகளில் 15 முதல் 28 குதிரைச் சக்தி வரையில் பல சிறு டிராக்டர்கள் கிடைக்கின்றன. உதாரணமாக குபோட்டா பி2441, மகிந்திரா ஜீவோ 245 ஆகிய இரண்டும் 24 குதிரைச் சக்தியும், நான்கு சக்கரங்களிலும் இழுப்பும் உடையவை. அவற்றின் பின்புறத் தூக்குசக்தி 750 கிலோ என்று கம்பெனியார் குறிக்கிறார்கள். இவ்வகுப்பு யந்திரங்கள் மூன்றரை முதல் நாலடி அகலத்துக்குள் அடங்கும். எடையும் பெரும்பாலும் ஒரு டன்னை எட்டாது. பெயரைக் குறித்தது வகுப்பை விளக்குவதற்கே. இன்ன கம்பெனியுடையதை வாங்குக என்று சிபாரிசு செய்வது எனது உத்தியோகத்துக்கு அடுத்ததன்று.

இவற்றின் திறனை அளப்பதற்கு எஞ்சினின் குதிரைச் சக்தி போதாது. பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் சக்தி எவ்வளவு என்று கேட்கவேண்டும். எஞ்சினில் இருப்பதில் பத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ வழியிலே கழிந்துபோகும். கொக்கிக் கலப்பை போன்ற இழுவைக் கருவிகளுக்கு டிராக்டரின் எடையும் சக்கரப் பிடிப்பும் வேண்டும். இலேசான யந்திரம் இதில் பின்தங்கும். ஆனால் ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பான், மட்டை தூளாக்கி முதலிய சுழல் கருவிகள் பி.டி.ஓ. தண்டினால் இயங்குவன. ரோட்டவேட்டரின் கத்திகள் மண்ணை வெட்டும்போதே டிராக்டரை முன்னுக்குத் தள்ளவும் செய்கின்றன. ஆகையால் எடை குறைந்திருப்பது அங்கே குறையாகாது. சிறு டிராக்டர் வாங்குகிறவர் இழுவைக் கருவிகளைக் குறைத்துச் சுழல் கருவிகளின் பக்கம் சாய்ந்தால், 24 குதிரைச் சக்தியில் எதிர்பார்த்ததைவிட அதிக வேலை கிடைக்கும்.

நேரக் கணக்கையும் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாயின், திரும்புவதற்கும் நின்று புறப்படுவதற்கும் நூற்றுக்கு இருபத்தைந்து கழித்தாலும், ஓர் ஏக்கரை இரண்டே கால் மணிக்குள் முடிக்கும். ஆறடி ரோட்டவேட்டர் பூட்டிய பெரிய டிராக்டர் அதை ஒரு மணிக்குள் முடிக்கும். ஐந்து ஏக்கருக்கு ஒன்று பதினொரு மணி நேரமும் மற்றொன்று ஐந்து மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். அதாவது ஒருவருக்கு ஒரு நாளும் சில நாழிகையும், மற்றவருக்கு அரை நாளும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு இந்த அரை நாள் லாபத்தினால் என்ன ஆகப்போகிறது? ஐம்பது ஏக்கர்க்காரருக்கு அது பெரிது. அவருக்குப் பெரிய டிராக்டரே தகும். இருபது மா வேலியைப் பத்துத் துண்டுகளாக வைத்திருப்பவரோ, பெரிய யந்திரத்தைச் சிறு வயலில் திருப்புவதிலேயே அந்த லாபத்தைத் தோற்றுவிடுவார்.

எடை குறைவதில் வேறொரு நன்மையும் உண்டு. ஈரம் காயாத நஞ்சையில் இரண்டு டன் யந்திரம் வருஷத்துக்கு நாலைந்து தரம் ஓடினால், உழவடிக்குக் கீழே மண் இறுகித் தளம்போலாகிவிடுகிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க ஓரளவு இறுக்கம் நல்லதே. ஆனால் தாளடி அறுப்புக்கு முன் தெளிக்கும் உளுந்தின் வேர் அதைத் துளைத்துக் கீழே இறங்க வேண்டுமல்லவா? மாசியில் மேலீரம் வற்றியதும் உளுந்து வாடுவதற்குப் பல வயல்களில் மழைக் குறைவு மட்டுமே காரணமன்று. வேர் இறங்க வழியில்லாமையும் சேர்ந்தே காரணம்.

இனி, சிறு டிராக்டருக்கு ஒவ்வாத வேலைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடையளவு உளையும் சேற்று வயலில் அது இறங்கக் கூடாது. சக்கரம் சிறியது, வயிற்றுப்பாகம் நிலத்துக்கு அருகில் இருப்பது; சக்கரம் ஓரடி புதைந்தால் வயிறு சேற்றில் அமர்ந்துவிடும், பிறகு நான்கு சக்கர இழுப்பும் பயன்படாது. அவ்வித வயல்களுக்குப் பவர் டில்லரே உகந்தது. மூன்றடிப் பாதைக்கும் அதுவே. நாள் முழுவதும் அதன் பின்னால் நடப்பது உடம்புக்குச் சிரமந்தான், ஆனால் வேலை நடக்கும். கரிசல் பூமியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை போட்டு அடிமண்ணைப் பிளக்க வேண்டுமென்று இலாகா வற்புறுத்தி வருகிறது. அதற்கு 40 குதிரைச் சக்திக்குமேல் வேண்டும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்வதும் சிறு யந்திரத்தின் வேலையன்று: இழுத்துவிடும், இறக்கத்தில் நிறுத்தாது. பின்னால் வரும் நாலு டன் பாரம் முன்னால் இருக்கும் முக்கால் டன்னைத் தள்ளிக்கொண்டு போகும். வருஷத்தில் இரண்டு நாள், மூன்று வருஷத்தில் ஒரு நாள் வரும் இவ்வேலைகளுக்காகப் பெரிய டிராக்டரை வாங்கி வைக்காமல், அந்த நாளுக்கு மாத்திரம் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். வேளாண்மைப் பொறியியல் துறையார் இ-வாடகை ஏற்பாட்டின் மூலம் இத்தகைய யந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றனர்.

குறுகிய யந்திரத்துக்கு உரிய அபாயம் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் குறையக் குறைய, டிராக்டர் பக்கவாட்டில் புரள்வது எளிதாகிறது. வாழைக்கு நடுவில் செல்ல உள்ளே தள்ளிய சக்கரத்தை மறுபடி வெளியே இழுத்து வைக்காமல், அப்படியே வாய்க்கால் கரைமேல் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. புதிய டிராக்டர்களில் ஓட்டுகிறவரின் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, யந்திரம் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருப்பதற்காக வைத்தது. திராட்சைப் பந்தலின் கீழும் தோப்பிலும் அதை மடக்கிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். நிமிர்த்தியிருக்கும்போது இடுப்பு வாரையும் கட்டிக்கொள்ள வேண்டும். மடக்கியதை மடக்கியபடியே விட்டுவிடும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. கொட்டகையின் கூரை தாழ்வு என்று அதை அறுத்தெடுத்துவிட்டவர்களும் உண்டு; கூரையை ஓரடி உயர்த்துவதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிதா?

பள்ளத்து வயலிலிருந்து பாதைக்கு ஏறும்போது முன் சக்கரம் தூக்குமானால் பின்னோக்கியே ஏறவேண்டும். சேற்றில் சிக்கிக்கொண்டால், பின் சக்கரங்களில் குறுக்கே ஒரு மரக்கட்டையைக் கட்டி வெளியேற முயல்வது எங்கும் காணப்படுகிறது. இது மிகக் கொடிய வழக்கம். கட்டை மண்ணில் தட்டி நின்றுவிட, சக்கரம் சுழல முடியாமல் டிராக்டரின் முன்பாகமே தலைக்குமேல் எழும்பி ஓட்டுகிறவர்மேல் மல்லாந்து விழும். யோசித்து விலகுவதற்கு ஒரு விநாடிகூடக் கிடைக்காது. பி.டி.ஓ. தண்டின் மேலுள்ள உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர்களும் கவனிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழலும் தண்டு அது. வேஷ்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ பட்டால் ஆளை விடாது.

செலவுக் கணக்குக்கு வருவோம். விலை ஐந்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து வருஷத்தில் ஐம்பதினாயிரத்துக்கு விற்கலாமென்ற கணக்கில் தேய்மானம் வருஷத்துக்கு 45,000. சராசரி முதலுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி 27,500. இன்ஷூரன்ஸும் கொட்டகையும் 7,500. ஆக 80,000 ரூபாய், டிராக்டர் ஓடினாலும் நின்றாலும் செலவாகிக்கொண்டே இருக்கும். ஐந்து ஏக்கருக்கு வருஷத்தில் அறுபது மணி வேலைதான் என்றால், டீசலும் கூலியும் பழுதும் சேராமலே மணிக்கு 1,333 ரூபாய் ஆகிறது. நானூறு மணி ஓடினால் 200 ரூபாய்தான். ஆகவே தம் நிலத்தில் நூறு மணிக்குக்கூட வேலை இல்லாதவர், யந்திரம் எவ்வளவு சிறியதானாலும், தனியே வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே பாதையில் நிலமுள்ள நாலைந்து பேர் கூடி ஒன்று வாங்கி, முறை வைத்து ஓட்டலாம். அல்லது ஒருவர் வாங்கி மற்றவர்களுக்கு வாடகைக்கு உழலாம். அந்தப் பாதைக்குள் நுழையும் யந்திரம் அவருடையது ஒன்றே என்றால் வாடகை தேடி அலையவும் வேண்டாம்.

2014-15-ல் தொடங்கிய விவசாய யந்திரமயத் திட்டத்தின் மானியம், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் நூற்றுக்கு 50, ஏனையோருக்கு 40 என்ற விகிதத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு அமைந்தது. வரம்பும் நிபந்தனையும் மாறக்கூடியவையாதலால் பொறியியல் துறை ஆபீசில் விசாரித்துக்கொள்க. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டரின்மீது சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைந்தது. மிச்சமானதைக் கொண்டு அடுத்த பெரிய அளவை வாங்கலாமென்று சிலர் புறப்பட்டிருக்கின்றனர். அதைக் கொண்டு அளவான ரோட்டவேட்டர் ஒன்று வாங்குவது மேல்.

விற்போர் சொல்லும் வார்த்தையை எந்த அளவுக்கு நம்பலாம்? அமெரிக்காவில் நெப்ராஸ்கா ராஜ்யத்தில் வில்மாட் குரோசியர் என்னும் விவசாயி, விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டர்களால் நஷ்டமடைந்தார். பின்னர் அவர் சட்டசபை அங்கத்தினராகி, பரீட்சிக்கப்படாத டிராக்டரை அந்த ராஜ்யத்தில் விற்கலாகாது என்று 1919-ல் ஒரு சட்டம் கொண்டுவரக் காரணமானார். 1920 முதல் அங்குள்ள சர்வகலாசாலையில் டிராக்டர்கள் பரீட்சிக்கப்பட்டு வருகின்றன. நம் தேசத்திலும் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் மத்திய அரசாங்கத்தின் பரீட்சை நிலையம் இருக்கிறது. பி.டி.ஓ. சக்தி, இழுப்பு, தூக்குசக்தி, டீசல் செலவு, திரும்பும் வட்டம் ஆகியவற்றை அதன் அறிக்கையில் காணலாம். அவ்வறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குக் குடியானவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. சிறு டிராக்டர்களின் உதிரி பாகங்கள் பெரியவற்றினுடையதைப்போல் எல்லாக் கடைகளிலும் அகப்படுவதில்லையாதலால், பழுது பார்க்கும் இடம் எத்தனை மைலில் உள்ளது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்க.

இதுவரை எழுதியது நிலச் சொந்தக்காரர்களுக்கு. கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. யந்திரத்தைச் சிறிதாக்கிக்கொள்ளும்படி நான் சொல்லுவதனால், ஆக்கிரமித்தவர் ஆக்கிரமித்தபடியே இருக்கலாமென்று பொருளன்று. பாதை வருஷந்தோறும் ஒரு சாண் குறைந்துகொண்டே போனால் நாலடி யந்திரத்துக்கும் இடமிராது. அறுவடை யந்திரமோ, பிரசவத்துக்கு ஸ்திரீகளை அழைத்துச் செல்லும் வண்டியோ எவ்விதம் உள்ளே வரும்? அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கண்டிருக்கும் புல எண்களைப் புலப்படத்துடன் ஒத்துப் பார்த்து, சாகுபடி இல்லாத சித்திரை, வைகாசி மாதங்களில் சர்வேயரைக்கொண்டு கல் நாட்டி வைப்பது கிராம நிர்வாக அலுவலர் கைக்குள் அடங்கிய காரியம். பயிர் நிற்கும்போது அளக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

பட்டா நிலத்தின் ஊடே செல்லும் வழிகள் வேறு வகை. பாகப் பிரிவினையில் உட்புறத்துத் துண்டு பெற்ற தம்பிக்கு வேறு வழியே இல்லையென்றால், அண்ணன் நிலத்தின் வழியே செல்லும் உரிமையை 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் 13-வது பிரிவு அளிக்கிறது. இருபது வருஷம் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையென்றே நடந்து வந்த வழிக்கு 15-வது பிரிவு உண்டு. இவற்றைக் கோர்ட்டில் நிலைநாட்டப் புறப்பட்டால் டிராக்டரின் விலை வக்கீலுக்குப் போய்விடும். பத்திரம் எழுதும்போதே "டிராக்டர் செல்லும் பொதுவழி இத்தனை அடி" என்று அளவோடு எழுதிவைக்கும்படி ஊரார் கேட்பதுண்டாகில், கிராம அதிகாரிகள் அவ்விதமே யோசனை கூறுவார்களாக. வெறுமனே "வழிநடைப் பாத்தியம்" என்று எழுதிய பத்திரங்களால் விளையும் சச்சரவு கொஞ்சமன்று.

வாங்குவது என்று தீர்மானித்தவர்கள், முன்பணம் கட்டுமுன் யந்திரத்தைத் தம் பாதைக்கே கொண்டுவந்து காட்டும்படி கேட்க வேண்டும். விற்பனைக்காரர்கள் ரஸ்தாவோரத்துக் காய்ந்த மைதானத்தில் ஓட்டிக்காட்டவே பிரியப்படுவார்கள், அதை ஒப்புக்கொள்ளலாகாது. தாம் வாங்கப்போகும் அதே ரோட்டவேட்டரைப் பூட்டி, ஒரு நல்ல மழை பெய்த மூன்றாம் நாள், கொட்டகையிலிருந்து கடைசி வயல் வரையில் சென்று, அங்கே ஒரு மா உழுது, திரும்பி வரச் சொல்லுக. போகும்போது கம்பெனி ஆள் ஓட்டட்டும். திரும்பும்போது வீட்டில் யார் அதை ஓட்டப்போகிறாரோ அவர் ஓட்டட்டும். குறுகிய மூலையில் எத்தனை தரம் முன்னும் பின்னும் எடுத்தார் என்பதையும், மதகின்மேல் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை அங்குலம் மிஞ்சியது என்பதையும் அருகில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியது. மூங்கில் கழியையும் கையோடு எடுத்துச் செல்லுக.